குறுவாழ்வுத் துகள்களைப் பிடிக்கும் சிலிக்கான் பிக்சல் டிடெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈய அணுக்கருக்களையோ தங்க அணுக்கருக்களையோ ஒளிவேகத்துக்கு மிக அருகில் மோதவிட்டால், புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகிக் கலந்த குவார்க்-குளுவான் பிளாஸ்மா ஒரு கணம் உருவாகிறது. அதை உள்ளிருந்து அறிந்து வரும் சாட்சிகள் சார்ம், பாட்டம் எனும் கனமான குவார்க்குகள். அவற்றைச் சுமந்து வரும் துகள்களை அடையாளம் காண்பதே இங்கு பேசப்படும் டிடெக்டர்களின் வேலை. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில் இயங்கும் ஐ.டி.எஸ்.2 (இன்னர் டிராக்கிங் சிஸ்டம் 2, மோதல் புள்ளியை ஒட்டிய தடங்காணி) முதன்மை உதாரணம். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஸ்டார் சோதனை 2014 முதல் 2016 வரை பயன்படுத்திய பிக்சல் டிடெக்டரும் இடையிடையே வரும்.

குறுவாழ்வு என்றால் எவ்வளவு குறுகியது?

சார்ம் குவார்க்கைச் சுமக்கும் டி0 மேசானின் (மேசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது) சராசரி ஆயுள் 0.41 பிகோநொடி, அதாவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கிலும் பாதிக்குக் குறைவு. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 123 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). இந்தத் தூரம்தான் இத்துறையின் அளவுகோல். லாம்டா-சி பேரியானுக்கு (பேரியான் என்பது மூன்று குவார்க்குகள் சேர்ந்தது) அது 60 மைக்ரான், டி+ மேசானுக்குச் சுமார் 310, பி+ மேசானுக்குச் சுமார் 490. டி0 மேசானின் நிறை 1.865 ஜி.இ.வி. (கிகா எலக்ட்ரான்வோல்ட்). அதன் உந்தம் 2 ஜி.இ.வி. என்றால் சராசரியாக 130 மைக்ரான் பறந்து சிதையும். தலைமுடியின் தடிமனை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

ஜே/சை போன்றவையும் ரோ மேசான் போன்ற ஒத்ததிர்வுகளும் பிறந்த இடத்திலேயே சிதைந்துவிடும். அவற்றின் சிதைவுப் புள்ளியை எந்தச் சிலிக்கானாலும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. லாம்டா, கே-ஷார்ட் போன்றவை சென்டிமீட்டர் கணக்கில் பறப்பதால் அவ்வளவு நுணுக்கம் இல்லாமலே பிடிபடும். கடினமானது இடைப்பட்ட 50 முதல் 500 மைக்ரான் வரையிலான பகுதிதான்.

டிடெக்டரின் முதல் அடுக்கைத் தொடுவதற்குள் சிதைந்துவிடுகிறதே, பிறகு எதைப் பார்க்கிறோம்?

டி0 மேசானைப் பார்ப்பதே இல்லை. அதன் பிள்ளைகளான ஒரு கேயானும் ஒரு பையானும் (இரண்டும் இலகுவான மேசான்கள்) சிலிக்கான் அடுக்குகளில் புள்ளிகளை விட்டுச் செல்கின்றன. அந்தப் புள்ளிகளைக் கோத்துத் தடங்களாக்கி, தடங்களை மோதல் நடந்த இடத்தை நோக்கிப் பின்னோக்கி நீட்டுகிறோம். மோதலில் நேரடியாகப் பிறந்த துகளின் தடம் மோதல் புள்ளி வழியாகவே போகும். டி0 பெற்ற பையானின் தடம் அதை விட்டுச் சுமார் 100 மைக்ரான் விலகிப் போகும். இந்த விலகலை அணுகுதூரம் என்போம். அதை எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சை (Ξ⁻), ஒமேகா (Ω⁻) எனும் விசித்திரப் பேரியான்கள் மின்னூட்டம் கொண்டவை, சில சென்டிமீட்டர் பறக்கக்கூடியவை. ஐ.டி.எஸ்.2-இன் முதல் அடுக்கு 2.3 சென்டிமீட்டரிலேயே இருப்பதால், அவை சிதையும் முன் உள் அடுக்குகளில் தாமே புள்ளி வைத்துவிட்டுப் போவதும் உண்டு. தாயின் தடத்தையே நேரில் பார்க்கும் அரிய வாய்ப்பு அது.

கேயான், பையான் உந்தங்களைக் கூட்டி நிறையைக் கணக்கிட்டால் டி0 தெரிந்துவிடாதா? அணுகுதூரம் எதற்கு?

புரோட்டான் மோதலில் ஓரளவு சமாளிக்கலாம். ஈயம்-ஈயம் மோதலில் முடியாது. 5.02 டி.இ.வி. (1 டி.இ.வி. = 1,000 ஜி.இ.வி.) ஆற்றலில், மிக மையமான மோதல்களில், மோதல் அச்சுக்குச் செங்குத்தான பகுதியில் சூடோரேபிடிட்டியின் (கற்றையிலிருந்து விலகும் கோணத்தின் ஓர் அளவு) ஓர் அலகுக்குச் சுமார் 1,940 மின்னூட்டத் துகள்கள் பிறக்கின்றன. பாதி நேர், பாதி எதிர் என்று வைத்தால் ஏறத்தாழ 10 லட்சம் ஜோடிகள். ஒவ்வொன்றிலும் கேயான் எது, பையான் எது என்று இரண்டு விதமாகக் கொள்ளலாம் என்பதால் 20 லட்சம்.

மறுபக்கம், அதே பகுதியில் பிறக்கும் டி0 சுமார் 7. அவற்றில் கேயான்-பையான் ஜோடியாகச் சிதைபவை நூற்றுக்கு 4 மட்டுமே. ஆக, நான்கு மோதலுக்கு ஒரு நல்ல ஜோடி, 80 லட்சம் போலி ஜோடிகளுக்கு நடுவே. நிறைச் சாளரமும் (டி0 நிறைக்கு அருகே வரும் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொள்வது) துகள் அடையாளமும் இந்தக் கூட்டத்தைப் பெருமளவு குறைக்கும். குறைந்த உந்தத்தில் மிஞ்சுவதை அகற்ற அணுகுதூரம் இல்லாமல் வழியில்லை.

ஐ.டி.எஸ்.2 எப்படி அமைந்திருக்கிறது?

ஏழு உருளை அடுக்குகள். உள்ளே மூன்று, சுமார் 23, 31, 39 மில்லிமீட்டர் ஆரத்தில். வெளியே நான்கு, சுமார் 20 சென்டிமீட்டரிலிருந்து 39 சென்டிமீட்டர் வரை. மொத்தம் சுமார் 10 சதுர மீட்டர் சிலிக்கான், 24,120 சில்லுகள், சுமார் 1,250 கோடி பிக்சல்கள். அனைத்திலும் ஆல்பைடு எனும் ஒரே வகைச் சில்லு. உள் மூன்று அடுக்குகளில் 12, 16, 20 என 48 பட்டைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக 9 சில்லுகள், பட்டையின் நீளம் 27 சென்டிமீட்டர். 2021-இல் நிலத்தடியில் பொருத்தப்பட்டு, 2022 ஜூலையிலிருந்து தரவு எடுக்கிறது.

பிக்சலை இன்னும் சிறிதாக்கினால் துல்லியம் கூடிவிடாதா?

அதிகம் வரும் கேள்வி இது. விடை: குறைந்த உந்தத்தில் பெரிதாகக் கூடாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு துகள் பொருளைக் கடக்கும்போது அணுக்கருக்களின் மின்புலத்தில் சிறிது சிறிதாக இடறித் திசை மாறும். இதற்குப் பல்சிதறல் என்று பெயர். திசை மாறும் கோணத்தைக் காண, 13.6 எம்.இ.வி.யை உந்தத்தால் வகுத்து, பொருளின் தடிமனைக் கதிர்வீச்சு நீளத்தின் (ஒரு பொருள் துகள்களை எவ்வளவு பாதிக்கும் என்பதைச் சொல்லும் நீளம், கனமான பொருளுக்குக் குறைவு) பங்காக எழுதி அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். அதோடு ஒரு சிறு மடக்கைத் திருத்தம் உண்டு.

ஐ.டி.எஸ்.2-இன் உள் அடுக்கு ஒன்றின் தடிமன் 0.36 சதவீதம். 1 ஜி.இ.வி. துகளுக்குக் கோணம் சுமார் 0.64 மில்லிரேடியன். அடுக்கு 23 மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து மோதல் புள்ளிக்குத் தடத்தை நீட்டினால் பிழை 15 மைக்ரான். அதற்கு முன்னே 18 மில்லிமீட்டர் ஆரத்தில் 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெரிலியம் கற்றைக்குழாய் இருக்கிறது. அதன் பங்கு 9 மைக்ரான். பிக்சலின் சொந்தத் துல்லியம் 5 மைக்ரான், நீட்டும்போது அது 6 ஆகிறது என்று கொள்வோம். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 18 மைக்ரான்.

இப்போது பிக்சலைப் பாதியாக்குங்கள். 18 என்பது 17.5 ஆகும். பிக்சலை அப்படியே விட்டு, அடுக்கின் பொருளைப் பாதியாக்குங்கள். 15-க்குக் கீழே இறங்கும். உந்தம் 0.5 ஜி.இ.வி. என்றால் சிதறல் இரட்டிப்பாகும், பிக்சலின் பங்கு காணாமலே போகும். டி மேசான்களின் பிள்ளைகளில் பெரும்பாலானவை இந்த உந்தங்களில்தான் வருகின்றன. அதனால்தான் இந்த டிடெக்டர்களைக் கட்டுபவர்கள் மைக்ரானை விட மில்லிகிராமைப் பற்றி அதிகம் சண்டையிடுகிறார்கள். முதல் அடுக்கை மோதலுக்கு நெருக்கமாக வை, வழியில் பொருளைக் குறை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு ஆல்பைடு சில்லுக்குள் என்ன நடக்கிறது?

சில்லு 15 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர். அதில் 512 வரிசை, 1,024 நிரல். ஒரு பிக்சல் சுமார் 27-க்கு 29 மைக்ரான். உள் அடுக்குகளுக்கான சில்லுகள் 50 மைக்ரானாக மெலிதாக்கப்பட்டவை. அதிலும் சமிக்ஞை தருவது 25 மைக்ரான் தடிமனுள்ள உயர் மின்தடை எபிடாக்சியல் படலம் (சில்லின் மேல் வளர்த்த தூய சிலிக்கான் படலம்) மட்டுமே. கடந்துபோகும் துகள் அதில் மைக்ரானுக்குச் சுமார் 60 எலக்ட்ரான் வீதம் 1,500 எலக்ட்ரான்களை விடுவிக்கும். அவை பரவி நகர்ந்து, ஒன்றிரண்டு பிக்சல்களில் பங்கிட்டுக்கொண்டு, சிறிய என்-வகைக் கிணறுகளை (எலக்ட்ரான்களை ஈர்த்துச் சேகரிக்கும் பகுதிகள்) சேரும். பிக்சலுக்குள்ளேயே பெருக்கியும் ஒப்பீட்டுச் சுற்றும் இருக்கின்றன. மின்னூட்டம் த்ரெஷோல்டை (குறித்து வைத்த எல்லை அளவை) தாண்டியதா, இல்லையா என்ற ஆம்-இல்லை விடை மட்டுமே வெளியே வரும். அடிபட்ட பிக்சல்களின் முகவரிகள் மட்டும் அனுப்பப்படுவதால்தான் மின்சாரச் செலவு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிவாட்டுக்குள் நிற்கிறது.

இந்த வடிவமைப்பின் உயிர்நாடி, சுற்றுகளுக்கு அடியில் மறைப்பாக இருக்கும் ஆழப் பி-கிணறு. அது இல்லாவிட்டால் பிக்சலுக்குள் உள்ள பி-மாஸ் டிரான்சிஸ்டர்களின் என்-கிணறுகள் சமிக்ஞை எலக்ட்ரான்களைத் தாமே விழுங்கிவிடும். பழைய சில்லுகளில் பிக்சலுக்குள் முழுமையான சுற்று வைக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஏன் ஹைப்ரிட் பிக்சல் பயன்படுத்தவில்லை?

ஹைப்ரிட்டில் உணரியும் வாசிப்புச் சில்லும் தனித்தனி, நடுவே நுண் பற்றாசு மணிகள். ஆலிஸின் பழைய பிக்சல் அடுக்கில் உணரி 200 மைக்ரான், சில்லு 150 மைக்ரான், அடுக்கின் மொத்தத் தடிமன் 1.14 சதவீதம். ஐ.டி.எஸ்.2-ஐப் போல மூன்று மடங்கு. கதிர்வீச்சும் மோதல் வேகமும் பல மடங்கு அதிகமான அட்லஸ், சி.எம்.எஸ். சோதனைகளுக்கு ஹைப்ரிட்டே பொருத்தம். ஈயம்-ஈயம் மோதல் நொடிக்கு 50,000 என்ற அளவில்தான் நடக்கிறது. அந்த வேகத்துக்கு ஆல்பைடு போதும்.

இது கேயான், இது பையான் என்று சிலிக்கானே சொல்லுமா?

பெரும்பாலும் சொல்லாது. ஆம்-இல்லை விடையில் ஆற்றல் இழப்பின் அளவு தெரியாது. உந்தத்தை 0.5 டெஸ்லா காந்தப்புலத்தில் தடம் வளைவதிலிருந்து அறிகிறோம். அடையாளத்தை வெளியே உள்ள வாயுத் தடக்கூடமும் பறத்தல் நேரத்தை அளக்கும் டிடெக்டரும் தருகின்றன. ஒன்று மட்டும்: அதிக மின்னூட்டம் விடுபட்டால் அதிகப் பிக்சல்கள் சேர்ந்து அடிபடும். ஹீலியம் அணுக்கரு போல மின்னூட்டம் இரண்டு உள்ளவை பெரிய கொத்துகளாகத் தெரியும்.

ஒரு சில்லைச் சோதனை மேசையில் எப்படிச் சோதிப்பது?

சில்லு ஒளிக்கு உணர்வுள்ளது. முதலில் கருப்புத் துணியோ மூடியோ போட்டு மறையுங்கள். அறை விளக்கில் எடுத்த இரைச்சல் அளவு எதற்கும் உதவாது. மணிக்கட்டுப் பட்டையை எர்த்தில் இணைக்காமல் பலகையைத் தொடாதீர்கள். 1.8 வோல்ட் கொடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது மின்னோட்டம். மேலே சொன்ன மின்சாரச் செலவின்படி ஒரு முழுச் சில்லுக்கு 100 மில்லிஆம்பியரை ஒட்டி இருக்கலாம். பல மடங்கு கூடினால் உடனே அணையுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

அடுத்து பதிவேடுகளை எழுதிப் படித்துப் பாருங்கள். பிறகு த்ரெஷோல்ட் அளவீடு. ஒவ்வொரு பிக்சலிலும் உள்ள சிறு மின்தேக்கி வழியாகத் தெரிந்த மின்னூட்டத்தைச் செலுத்த முடியும். ஒரு படி சுமார் 10 எலக்ட்ரான். ஒவ்வொரு படியிலும் 50 முறை செலுத்தி, எத்தனை முறை பிக்சல் ஆம் என்றது என்று எண்ணுங்கள். வரைந்தால் எஸ் வடிவ வளைவு வரும். பாதி உயரம் த்ரெஷோல்ட், சரிவின் அகலம் இரைச்சல். த்ரெஷோல்டை 100 எலக்ட்ரான் அருகில் நிறுத்துவது வழக்கம். இரைச்சல் 5 எலக்ட்ரானை ஒட்டி இருக்கும்.

மாற்றிப் பார்க்க இரண்டு திருகுகள் உண்டு, இரண்டும் சில்லின் பதிவேட்டில் எழுதும் அமைப்பு மதிப்புகள். ஐ.டி.எச்.ஆர். மதிப்பைக் கூட்டினால் த்ரெஷோல்ட் ஏறும். வி.கேஸ்.என். மதிப்பைக் கூட்டினால் இறங்கும், அதுவும் வேகமாக. புதியவர்கள் தவறுவது இங்கேதான்: அடித்தளத்துக்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தத்தை மாற்றிவிட்டுப் பழைய வி.கேஸ்.என். மதிப்பையே வைத்திருப்பார்கள். த்ரெஷோல்ட் எங்கோ போயிருக்கும், சில்லு கெட்டுவிட்டதாகத் தோன்றும். மின்னழுத்தத்தைத் தொட்டால் த்ரெஷோல்டை மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, எதையும் செலுத்தாமல் லட்சக்கணக்கான முறை வாசித்துப் போலி அடிகளை எண்ணுங்கள். ஒரு வாசிப்பில் ஒரு பிக்சலுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்பது மேல் எல்லை. சிறியதாகத் தோன்றினாலும் 1,250 கோடி பிக்சலால் பெருக்கினால் ஒரு வாசிப்புக்கு 12,500 போலிப் புள்ளிகள். பெரும்பாலும் குற்றவாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிக்சல்கள்தான். அவற்றை மூடினால் போலி அடிகள் பல மடங்கு குறையும்.

பட்டையில் செம்புக்குப் பதில் அலுமினியம் ஏன்?

செம்பின் கதிர்வீச்சு நீளம் 1.4 சென்டிமீட்டர், அலுமினியத்துக்கு 8.9. ஒரே தடிமனில் செம்பு ஆறு மடங்கு கனமாகத் தெரியும். அதனால் உள் அடுக்குகளின் நெகிழ்சுற்றில் அலுமினியக் கடத்திகள். ஸ்டார் சோதனையின் உள் பட்டைகளிலும் இதே உத்தி கையாளப்பட்டது. அலுமினியத்தின் மின்தடை அதிகம் என்பதால் பட்டை நெடுக மின்னழுத்த வீழ்ச்சி கூடும். கடைசிச் சில்லுக்கு 1.8 வோல்ட் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தே வடிவமைக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சில்லுகள் ஏன் செத்துப்போகின்றன?

ஸ்டார் அனுபவம் இதற்குப் பாடம். அங்கே 50 மைக்ரானுக்கு மெலிதாக்கிய சில்லுகள் கற்றையிலிருந்து 2.8 சென்டிமீட்டரில் இருந்தன, காற்றை வேகமாகச் செலுத்திக் குளிரவைத்தார்கள். 2014 ஓட்டத்தின் தொடக்கத்திலேயே சில்லுகள் பழுதாகத் தொடங்கின. சராசரிக் கதிர்வீச்சு அளவு குறைவுதான், குற்றம் லாட்ச்-அப்பினுடையது. அதிக மின்னூட்டத்தை ஓரிடத்தில் கொட்டும் ஒற்றைத் துகள், சில்லுக்குள் மறைந்திருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியைத் திறந்துவிடும். மின்னோட்டம் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு ஓடி அந்த இடத்தைச் சுட்டுவிடும். பெர்க்லி ஆய்வகத்தின் சைக்ளோட்ரானில் கன அயனிகளால் அடித்து இதே பழுதை மீண்டும் உருவாக்கிக் காட்டினார்கள்.

தீர்வு எளிமையானது: மின்னோட்டப் பாதுகாப்பு எல்லையை இயல்பான ஓட்டத்துக்குச் சற்று மேலே இறக்கி வைத்து, தாண்டியவுடன் மின்சாரத்தை வெட்டுவது, குறித்த இடைவெளியில் எல்லாச் சில்லுகளையும் மறுபடி அமைப்பது. அதன்பின் பழுது பெருமளவு நின்றது. பாதுகாப்பு எல்லையைத் தாராளமாக வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து என்பது அன்று தெரிந்தது.

சில்லுகள் எங்கே இருக்கின்றன என்று மைக்ரான் துல்லியத்தில் எப்படித் தெரியும்?

ஒட்டும்போதே 5 மைக்ரான் அளவில் வைக்கிறார்கள். ஆனால் பட்டையைப் பொருத்தி, குளிர்நீர் ஓடவிட்ட பிறகு எல்லாம் சிறிது நகர்ந்திருக்கும். சில்லுக்கு மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. மொத்தம் 1,44,720 எண்கள். இவற்றைத் தடங்களைக் கொண்டே ஒருசேரத் தீர்க்க வேண்டும். மோதல் தடங்கள் மட்டும் போதாது. உருளை முழுவதும் சற்று முறுக்கிக்கொண்டால் எல்லாத் தடங்களும் அழகாகவே பொருந்தும், ஆனால் உந்தம் தவறும். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே கோட்டில் இணைக்கும் காஸ்மிக் மியூவான்கள் (வானிலிருந்து வரும் ஊடுருவும் துகள்கள்) இந்த முறுக்கைக் காட்டிக்கொடுக்கும். அவை மேலிருந்து வருவதால் பக்கவாட்டுப் பட்டைகளுக்குக் குறைவாகவே கிடைக்கும், அங்கே பிழை அதிகம்.

தினமும் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு: மோதலில் நேரடியாகப் பிறந்த துகள்களின் சராசரி அணுகுதூரம், சுற்றுக்கோணத்துக்கு எதிராக. அது பூஜ்ஜியத்தில் தட்டையாக இருக்க வேண்டும். சைன் அலையாக இருந்தால் மோதல் புள்ளியோ முழு அடுக்கோ விலகியிருக்கிறது. படிப்படியாகத் துள்ளினால், துள்ளும் அகலத்தைப் பட்டையின் அகலத்தோடு ஒப்பிடுங்கள், எந்தப் பட்டை என்று தெரிந்துவிடும்.

டி0 தேடலில் எங்கே தவறு நடக்கும்?

வெட்டுகள் (எந்த ஜோடியை வைத்துக்கொள்வது என்ற நிபந்தனைகள்) வழக்கமானவை: இரு தடங்களும் மோதல் புள்ளியை எதிரெதிர்ப் பக்கங்களில் விலகிச் செல்கின்றனவா, சிதைவுத் தூரம் அதன் பிழையைப் போல எத்தனை மடங்கு, கூட்டு உந்தத்தின் திசை மோதல் புள்ளியிலிருந்து சிதைவுப் புள்ளிக்குப் போகும் கோட்டோடு ஒத்துப்போகிறதா. இன்று இவற்றை இயந்திரக் கற்றலிடம் கொடுப்பது வழக்கம்.

தவறுகளில் மோசமானது, நிறை வரைபடத்தில் டி0-இன் சிகரம் பெரிதாகத் தெரியும்வரை அதே தரவில் வெட்டுகளை மாற்றிக்கொண்டே போவது. ஏற்ற இறக்கத்தையே சமிக்ஞையாக்கிவிடும். வெட்டுகளைச் சிமுலேஷனிலும் நிறைச் சிகரத்தின் இரு பக்கமும் உள்ள நிறைப் பகுதிகளிலும் முடிவுசெய்து நிறுத்துங்கள். அடுத்தது பிரதிபலிப்பு: கேயானையும் பையானையும் மாற்றி வைத்தாலும் அதே டி0 அகலமான மேடாகச் சிகரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும். கணக்கில் எடுக்காவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும். மூன்றாவது, செத்த சில்லுகளின் வரைபடம். முதல் அடுக்கில் ஒரு சில்லு பாதி நாள் அணைந்திருந்தால், சிமுலேஷனிலும் அதே பாதி நாள் அணைந்திருக்க வேண்டும்.

பி மேசானிலிருந்து வரும் டி0 கலந்துவிடாதா?

கலக்கும், அது ஒரு வாய்ப்பும்கூட. பி மேசான் சில நூறு மைக்ரான் பறந்த பிறகே டி0-ஐத் தருவதால், அந்த டி0-இன் சொந்தத் திசையே மோதல் புள்ளியைத் தவறவிடும். அதன் அணுகுதூரப் பரவலை இரண்டு கூறுகளாகப் பொருத்தினால் சார்ம் எவ்வளவு, பாட்டம் எவ்வளவு என்று பிரிக்கலாம்.

அடுத்த டிடெக்டரில் என்ன மாறப்போகிறது?

உள் அடுக்கின் பொருளில் சிலிக்கானின் பங்கு ஏழில் ஒன்றுதான். மீதி எல்லாம் சுற்று, தாங்கி, தண்ணீர்க் குழாய், பசை. ஐ.டி.எஸ்.3 அந்த மீதியை எடுத்துவிடுகிறது. 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், 300 மில்லிமீட்டர் வேஃபரிலிருந்து (சில்லுகள் செய்யும் வட்டச் சிலிக்கான் தகடு) பட்டை நீளத்துக்கே ஒரே உணரியாக வெட்டி எடுத்து, கற்றைக்குழாயைச் சுற்றி அரை உருளையாக வளைக்கிறார்கள். 50 மைக்ரானில் சிலிக்கான் தடித்த காகிதம்போல வளையும். வளைத்த ஆல்பைடு சில்லுகளைக் கற்றையில் வைத்துப் பார்த்தபோது திறன் 99 சதவீதத்துக்கு மேல் நின்றது. தாங்குவதற்குக் கார்பன் நுரைத் துண்டுகள், குளிர்விக்கக் காற்று. மின்சாரமும் தரவும் உருளையின் முனைகளில் மட்டும் இணையும். முதல் அடுக்கு 19 மில்லிமீட்டரில், அடுக்குக்கு 0.09 சதவீதம் பொருள். மேலே போட்ட கணக்கில் இந்த எண்களைப் போட்டால் அடுக்கின் சிதறல் 15 மைக்ரானிலிருந்து 6-க்குக் கீழே இறங்குகிறது. அப்போது கற்றைக்குழாய்தான் பெரிய தடையாகத் தெரியும். அதனால் அதையும் 16 மில்லிமீட்டர் ஆரத்துக்குச் சுருக்குகிறார்கள்.

மாணவர் ஒருவர் இதைக் கணினியில் தானே செய்து பார்க்க முடியுமா?

ஒரு பிற்பகல் வேலை. உந்தம் 2 ஜி.இ.வி. கொண்ட டி0-களை உருவாக்குங்கள். பறக்கும் தூரத்தை 130 மைக்ரான் சராசரியுள்ள அடுக்குக்குறிப் பரவலிலிருந்து எடுங்கள். டி0-இன் ஓய்வுச் சட்டத்தில் கேயானையும் பையானையும் 0.861 ஜி.இ.வி. உந்தத்தோடு எதிரெதிர்த் திசைகளில், எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்பி, பின்னர் ஆய்வுச் சட்டத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தடத்தின் அணுகுதூரத்திலும், 20 மைக்ரானை ஜி.இ.வி. அலகிலான உந்தத்தால் வகுத்துக் கிடைக்கும் அகலத்தில் காஸியன் பிழை சேருங்கள். மோதல் புள்ளியிலேயே பிறந்த போலி ஜோடிகளையும் அதேபோல உருவாக்கி, இரண்டுக்கும் இரு அணுகுதூரங்களின் பெருக்கற்பலனை ஒரே படத்தில் வரையுங்கள். பிறகு 20-ஐ 60 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள், இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்வதைப் பார்க்கலாம். லாம்டா-சிக்கு 60 மைக்ரான் வைத்து ஓட்டினால், அதற்கு ஏன் ஐ.டி.எஸ்.3 தேவைப்படுகிறது என்பதும் அதே படத்தில் தெரியும்.